குளிருக்குத் தப்பி ரெயிலரோடை தெற்கே: தண்ணியை எங்கை நிரப்புறது?

கேள்வி, செப்டெம்பர் 7, 2025

நானும் மனிசியும் இந்த வருசம் ரிட்டயர். கனடாவிலை ஸ்கார்பரோவிலை இருக்கிறம். பாவிச்ச 26 அடி ரெயிலர் ஒண்டு வாங்கியிருக்கிறம். நவம்பர் நடுப்பகுதியிலை வெளிக்கிட்டு ஐ-75 நெடுஞ்சாலையாலை புளோரிடா போய், மார்ச் முடியத் திரும்புற எண்ணம். தண்ணி ராங்க்கை வீட்டிலையே நிரப்பி, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு ஓடினால் ஒண்டும் உறையாது எண்டு மச்சான் சொல்லுறார். அரிசி பருப்பையும் அவ்வளவு காலத்துக்கும் இஞ்சையிருந்தே கட்டச் சொல்லுறார். அனுபவப்பட்ட ஆரும் சொல்லுங்கோ.

பதில், செப்டெம்பர் 7, இரவு

நிரப்ப வேண்டாம். மச்சான் ரெயிலர் வச்சிருக்கிறாரோ?

செப்டெம்பர் 8

நேற்று அவசரத்திலை ஒரு வரியிலை முடிச்சிட்டன். இண்டைக்கு ஆறுதலா எழுதுறன்.

இதை ஒரு பயணமா நினைக்காதேங்கோ, ரெண்டு பயணம். ஒண்டாரியோவிலையிருந்து டெனசி தாண்டுமட்டும் குளிர்காலப் பயணம். அதுக்குப் பிறகுதான் நீங்கள் கனவு கண்ட பயணம் தொடங்குது. முதல் பாதியிலை ரெயிலரிலை ஒரு சொட்டுத் தண்ணி இருக்கக்கூடாது. பைப்பெல்லாம், உறைஞ்சு வெடிக்காமல் காக்கிற பிங்க் நிறத்துத் திரவத்தோடை, குளிருக்குப் பூட்டின நிலையிலேயே இழுத்துக்கொண்டு போகவேணும்.

ஹீற்றர் கதையைப் பாப்பம். ஒரு நடுத்தர ஃபர்னஸ் மணித்தியாலத்துக்கு 30,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு தின்னும். 20 இறாத்தல் புரொப்பேன் சிலிண்டரிலை இருக்கிறது ஏறக்குறைய 4,30,000. நிறுத்தாமல் எரிஞ்சால் 14 மணித்தியாலம்தான். அதின்ரை விசிறி பற்றறியையும் உறிஞ்சும். சரி, காசு போனால் போகட்டும் எண்டாலும், வெளியிலை நிக்கிற வால்வுக்கும் அடித்தட்டுக்குக் கீழை தொங்கிற பைப்புக்கும் அந்தச் சூடு போய்ச் சேராது. 100 கிலோமீற்றர் வேகத்திலை காத்து அடிக்கேக்கை அதுகள்தான் முதலிலை உறையும். புரொப்பேனைத் திறந்து விட்டுக்கொண்டு பெற்றோல் அடிக்கப் போறது வேறை ஆபத்து.

குடிக்க, சமைக்கத் தண்ணியைக் கானிலை காருக்குள்ளை வையுங்கோ. ரொயிலற் பாவிக்கலாம். ஆனால் கழுவி விடுறது தண்ணியாலை இல்லை, அதே பிங்க்காலை. ரெண்டு மூண்டு போத்தல் கூட வாங்கி வச்சால் சரி. குளிக்கிறதுக்குப் பெரிய ரக் தரிப்பிடங்களிலை காசு கட்டினால் நல்ல சுத்தமான குளியலறை கிடைக்கும். என்ரை மனிசி முதல் தரம் மூஞ்சியை நீட்டினவ, இப்ப எந்தத் தரிப்பிடத்திலை சுடுதண்ணி நல்லம் எண்டு எனக்கே சொல்லுவா.

பிங்க் எண்டது புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்தது. காருக்கு விடுற பச்சைத் திரவம் எதிலீன் கிளைக்கோல், அது நஞ்சு. குடிதண்ணி பைப்புக்கை அது போகவே கூடாது. போத்தலிலை ஆர்வி (RV, ரெயிலர் மாதிரி ஓடுற வீட்டுக்கானது) எண்டு போட்டிருக்கோ எண்டு பாத்து வாங்குங்கோ.

செப்டெம்பர் 10

பிங்க் போத்தலிலை "−50" எண்டு இருக்கு, பிறகேன் அது கூழாகுது எண்டு கேட்டிருக்கிறியள். அந்த −50 ஃபாரன்ஹைட் கணக்கு, எங்கடை கணக்கிலை −45 பாகை அளவு. அந்தக் குளிர்மட்டும் பைப் வெடிக்காது எண்டதுதான் அதின்ரை பொருள். கட்டியாகாது எண்டு இல்லை. −12 பாகையிலேயே சில வகை ஐஸ்பழம் மாதிரி வரும். பயப்பிட ஒண்டுமில்லை, பம்ப்பை மட்டும் அந்த நேரம் போட வேண்டாம்.

இன்னொண்டு. ரெயிலரைக் குளிருக்குப் பூட்டேக்கை சுடுதண்ணி ராங்க்கை விலத்தி விடுற வால்வ் ஒண்டு அந்த ராங்க்கின்ரை பின்பக்கத்திலை இருக்கும். பாவிச்சு வாங்கின ரெயிலர் எண்டபடியாலை, அது எங்கை இருக்கெண்டு இப்பவே வெளிச்சத்திலை தேடிப் படம் எடுத்து வையுங்கோ. ஜோர்ஜியாவிலை இருட்டுக்கை குப்புறப் படுத்துத் தேடுறது சுகமில்லை.

செப்டெம்பர் 14

அரிசி மூட்டைக்கு வருவம்.

கதவுக்குப் பக்கத்திலை ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எவ்வளவு பாரம் ஏத்தலாம் எண்டு அதிலை இருக்கு. 26 அடி ரெயிலர் கனத்திலை அது 1,000, 1,500 இறாத்தலுக்குள்ளைதான் நிக்கும். தண்ணியும் அந்தக் கணக்குக்கைதான் வரும். 40 கலன் ராங்க் நிறைஞ்சால் 330 இறாத்தல் பாரம். மச்சான் சொன்ன மாதிரி நிரப்பினால் காவாசிக் கொள்ளளவு வீட்டு வாசலிலேயே முடிஞ்சுது. அதுக்கு மேலை கதிரை, மேசை, கருவிப் பெட்டி, உடுப்பு, தேங்காய் துருவுற பலகை. கடைசியா 40 இறாத்தல் அரிசி மூட்டை நாலு!

பாரத்தின்ரை அளவை விட அது எங்கை இருக்கு எண்டது பெரிசு. ரெயிலரின்ரை மொத்தப் பாரத்திலை 10 தொடக்கம் 15 வீதம் கொழுவியிலை, அதாவது முன்பக்கம் இறங்கவேணும். பின் கட்டிலுக்குக் கீழை இடமிருக்கெண்டு அரிசியை அடுக்கினால் முன்பக்கம் லேசாகும். நெடுஞ்சாலையிலை பெரிய ரக் ஒண்டு முந்தேக்கை ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் ஒருக்கால் பிடிச்சிட்டால் ஸ்ரேறிங்கைத் திருப்பி அடக்கேலாது. பாரமானதெல்லாம் அச்சுக்குச் சற்று முன்னுக்கு, நிலத்தோடை.

ஏத்தி முடிச்ச பிறகு ரக் தரிப்பிடத்திலை இருக்கிற கேட் ஸ்கேல் எண்ட வாகனத் தராசிலை ஒருக்கால் நிறுத்துப் பாருங்கோ. வாகனத்தின்ரை முன் அச்சு, பின் அச்சு, ரெயிலர் எல்லாம் தனித்தனியாத் துண்டிலை வரும். சின்னக் காசு.

புளோரிடாவிலை அரிசி இல்லையோ? தம்பா, ஒர்லாண்டோ பக்கம் இந்தியக் கடைகள் கனக்க. எங்கடை வறுத்த மிளகாய்த்தூள், குத்தரிசி மா, இதுகளை மட்டும் கொண்டு போங்கோ. அதுக்கு அங்கை ஈடு இல்லை.

செப்டெம்பர் 15

தேங்காய் துருவுற பலகைக்கு இவ்வளவு பேர் வக்காலத்து வாங்குவியள் எண்டு நான் நினைக்கேல்லை. சரி, கொண்டு போங்கோ. முன்பக்கம் வையுங்கோ.

செப்டெம்பர் 23

நீங்கள் கேக்காத ஒண்டு. எனக்கு இதுதான் ரயரை விடப் பெரிசாப் படுது.

நாள் எண்ணுறதிலை மூண்டு மணிக்கூடு ஓடுது. மூண்டும் மூண்டு விதமா ஓடும். கனபேர் ஒண்டைத்தான் பாக்கினம்.

முதலாவது குடிவரவு. கனடாக்காரரைப் பொதுவா ஆறு மாதம்மட்டும் விடுவினம். எவ்வளவு எண்டு தீர்மானிக்கிறது போர்டரிலை நிக்கிற அதிகாரிதான். இதிலை உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

ரெண்டாவது அமெரிக்க வரி. அவையின்ரை கணக்கிலை, இந்த வருசத்து நாள் முழுசா, போன வருசத்து நாளிலை மூண்டிலை ஒண்டு, அதுக்கு முதல் வருசத்திலை ஆறிலை ஒண்டு. மூண்டும் கூட்டி 183 வந்தால் வரிக்கு அங்கத்தைய வாசி. நவம்பர் 15இலையிருந்து மார்ச் 31மட்டும் எண்டால் உங்களுக்குக் கிட்டத்தட்ட 137 நாள். இந்த வருசம் 47 நாள்தான், ஒண்டுமில்லை. ஒவ்வொரு வருசமும் இப்பிடியே போனால், 2026இலை 137ஓடை 47இன்ரை மூண்டிலை ஒண்டு சேர்ந்தாலும் 153 அளவு. 2027இலை பாருங்கோ: 137, அதோடை 45, அதோடை 8. 190! ஒரு நாளும் கூடுதலா நிக்காமலே மூண்டாம் வருசம் கோட்டைத் தாண்டிடுவியள். ஒவ்வொரு வருசமும் 121 நாளுக்குள்ளை நிண்டால் தாண்டாது.

தாண்டினால் கெட்டதெண்டு இல்லை. 8840 எண்ட படிவம், கனடாவோடைதான் எங்கடை வாழ்க்கைப் பிணைப்பு எண்டு காட்டி ஆளாளுக்குத் தனித்தனியா அனுப்பவேணும். அங்கை சம்பளம் எடுக்காதவைக்கு ஜூன் 15 கடைசி நாள். ஆனால் அந்த ஒரு வருசத்துக்குள்ளையே 183 நாள் நிண்டிட்டால் இந்தப் படிவமும் கைகுடுக்காது. போற நாளும் வாற நாளும் ஒவ்வொண்டும் முழு நாளாத்தான் எண்ணுப்படும். பவல்லோவிலை காலமை போய்ச் சாமான் வாங்கிப் பின்னேரம் திரும்பினதும் ஒரு நாள்தான்.

மூண்டாவது எங்கடை ஓஹிப், ஒண்டாரியோ அரசாங்கத்தின்ரை மருத்துவக் காப்புறுதி. எந்தப் பன்ரண்டு மாதத்தை எடுத்தாலும் 153 நாள் ஒண்டாரியோவுக்குள்ளை நிக்கவேணும். இதிலையும் நீங்கள் தப்பினியள். ஆனால் தை மாதம் ஊருக்குப் போய் வந்தவை, வைகாசியிலை லண்டன் கலியாணத்துக்குப் போனவை, அதையும் கூட்டிப் பாக்கவேணும். ஓஹிப் கேக்கிறது அமெரிக்காவிலை நிண்ட நாளை இல்லை, ஒண்டாரியோவிலை நிண்ட நாளை.

செப்டெம்பர் 24

மேலை உள்ளதோடை சேர்த்து வாசியுங்கோ: 2025 ஏப்ரில் 11இலையிருந்து, 30 நாள் அல்லது கூட நிக்கிற வெளிநாட்டவர் அமெரிக்காவிலை பதிஞ்சிருக்கவேணும் எண்ட விதியை அமல்படுத்தினம். பிளேனிலை போறவைக்கு ஐ-94 எண்ட உள்நுழைவுப் பதிவு பெரும்பாலும் தானா வந்திடும். அதுவே போதும். தரையாலை போற எங்களுக்குத்தான் அது தானா வராது. போர்டரிலை ஐ-94 கேட்டு எடுத்தால் வேலை முடிஞ்சுது. எடுக்காட்டில் ஜி-325ஆர் எண்ட படிவத்தை இணையத்திலை நிரப்பவேணும். நானெண்டால் போர்டரிலையே கேப்பன். பின்னாலை வரிசையிலை நிக்கிறவன் ஹோர்ன் அடிச்சால் அடிக்கட்டும்.

அக்டோபர் 2

குளுசை குடிக்கிறவைக்கு.

வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஓஹிப் தாறது, தீவிர பராமரிப்பிலை இருந்தாலும் ஒரு நாளுக்கு ஆகக் கூடினது 400 டொலர். அவசரப் பிரிவிலை காட்டிப்போட்டு வாறதுக்கு 50. அமெரிக்க ஆஸ்பத்திரிப் பில்லுக்கு முன்னாலை அது கோயில் உண்டியல் சில்லறை. ஆனபடியால் பயண இன்சூரன்ஸ் இல்லாமல் போகவே வேண்டாம்.

அந்த இன்சூரன்ஸிலை "ஸ்திரமான நிலை" எண்டு ஒரு வாசகம் இருக்கும். வெளிக்கிட முதல் 90 நாள், சிலதிலை 180 நாள், உங்கடை வருத்தத்திலும் மருந்திலும் மாற்றம் இருக்கக்கூடாது. இதிலை ஆக்கள் விழுறது எங்கையெண்டால், அளவைக் குறைச்சாலும் மாற்றம்தான். அக்டோபரிலை டொக்டர் சந்தோசமா, "உங்கடை பிரஷர் நல்லாயிருக்கு, பாதிக் குளுசை போதும்" எண்டு சொல்லுவார். இன்சூரன்ஸ்காரன் அதை வேறை மாதிரி வாசிப்பான். குளுசையை டொக்டர் சொன்னபடிதான் குடிக்கவேணும், அதிலை கதையில்லை. ஆனால் மாற்றம் வந்தால் உடனை இன்சூரன்ஸ்காரருக்குப் போன் பண்ணி எழுத்திலை பதில் எடுங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு இதாலைதான் கிளெய்ம் நிண்டு போனது. வருசக்கணக்கா வழக்காடினவர்.

65 தாண்டினவைக்கு மருந்துக்கடை ஒரு தரத்திலை 100 நாளுக்குத்தான் தரும். நீண்ட பயணமெண்டு ஆதாரம் காட்டினால் இன்னொரு 100 நாளுக்கும் கேட்டு எடுக்கலாம். கடைசிக் கிழமை போய் நிக்காதேங்கோ.

அக்டோபர் 5

கறிவேப்பிலைக் கண்டைச் சாடியோடை கொண்டு போகலாமோ எண்டு கேட்ட அக்காவுக்கு: கூடாது. இலையும் கூடாது, சாடி மண்ணும் கூடாது.

இது போர்டர்காரரின்ரை வில்லங்கம் எண்டு நானும் முந்தித் திட்டினனான். விசயம் வேறை. தோடை, எலுமிச்சையைக் கொல்லுற ஒரு நோய் இருக்கு, பச்சையாதல் நோய். அதைப் பரப்பிற சின்னப் பூச்சிக்குக் கறிவேப்பிலையும் தோடையும் ஒரே குடும்பம், ரெண்டிலையும் குடியிருக்கும். அந்தப் பூச்சியை 1998இலை புளோரிடாவிலை கண்டினம், நோயை 2005இலை. 2003-04 பருவத்திலை 242 மில்லியன் பெட்டி தோடம்பழம் குடுத்த மாநிலம், 2024-25இலை 12 மில்லியன் அளவுக்கு வந்திட்டுது. புயலும் வீட்டு மனையும் கொஞ்சம் தின்னது உண்மை, ஆனால் பெரிய பங்கு இந்த நோய்க்கு.

விறகும் கொண்டு போகாதேங்கோ, அதுக்குள்ளையும் பூச்சி போகும்.

அக்டோபர் 6

புளோரிடாவிலை முருங்கை இருக்கோ, முறிக்கலாமோ எண்டு கேட்டவைக்கு: ஓம், முருங்கை அங்கை வேலியோரம் நிக்குது. இல்லை, மற்றவன்ரை வேலியிலை முறிக்கேலாது.

அக்டோபர் 13

தாங்ஸ்கிவிங் வாழ்த்து. அரிசோனாவுக்குப் போனால் மலிவு எண்டு ஒருத்தர் எழுதியிருந்தார். உண்மைதான். குவார்ட்ஸைட் பக்கத்திலை அரசாங்கப் பாலைவன நிலத்திலை செப்டெம்பர் 15இலையிருந்து ஏப்ரில் 15மட்டும் நிக்கிறதுக்கு, நான் விசாரிக்கேக்கை முழுப் பருவத்துக்கும் 180 டொலர். கரண்ட், தண்ணி எண்டு உங்கடை ரெயிலர் வாசலுக்கு ஒண்டும் வராது. சோலரும் பெரிய ராங்க்கும் இருக்கவேணும். கல்கரி, வன்கூவர்க்காரருக்குத் தோது. எங்களுக்குத் தூரம் கூட.

நாங்கள் அங்கை போனது ஒருக்கால்தான், பிளேனிலை. குவார்ட்ஸைட் மயானத்திலை கூம்பு வடிவத்திலை ஒரு சமாதி, உச்சியிலை ஒட்டகம். 1850களிலை அமெரிக்க இராணுவம் பாலைவனத்துக்கு ஒட்டகம் இறக்கேக்கை அதோடை வந்த ஹாஜி அலி எண்டவற்றை சமாதி. வெள்ளைக்காரர் வாயிலை "ஹை ஜொலி" ஆகிட்டார். 1902இலை செத்தவர், சமாதி கட்டினது 1935இலை. எங்கையோ இருந்து வந்த மனிசன், ஒட்டகப் படையைக் கலைச்ச பிறகும் திரும்பிப் போகேல்லை. கனநேரம் அதிலை நிண்டனான்.

தலைப்பை விட்டு எங்கையோ போட்டன்.

அக்டோபர் 19

ரயர். ரயரின்ரை பக்கத்திலை டொட் (DOT) எண்டு தொடங்கிற இலக்கத்தின்ரை கடைசி நாலு எண்ணைப் பாருங்கோ. 3518 எண்டால் 2018ஆம் வருசம் 35ஆம் கிழமை செய்தது. ரெயிலர் ரயர் தேயிறதாலை சாகிறதில்லை, நிண்டு நிண்டு வயசு போய்ச் சாகும். ஆறேழு வருசம் தாண்டியிருந்தால், பூ எவ்வளவு வடிவா இருந்தாலும் மாத்துங்கோ. காத்தைக் காலமை, ரயர் குளிர்ந்திருக்கேக்கை பாருங்கோ. போகப் போக வெக்கை கூடும், ஒவ்வொரு 5, 6 பாகைக்கும் அழுத்தம் 2 வீதம் அளவு ஏறும். ஆனபடியால் தெற்கிலை திரும்பவும் ஒரு காலமை அளந்து சரிசெய்யவேணும்.

பாதை. சார்னியாப் பாலமோ வின்சர்ப் பாலமோ, பிறகு ஐ-75. கென்டக்கி தாண்டி டெனசிக்குள்ளை இறங்கேக்கை ஜெலிக்கோ மலை வரும். அதைப் பகல் வெளிச்சத்திலை கடக்கிற மாதிரி நேரத்தை வையுங்கோ. சட்டனூகாவுக்கு முதல், ஹைவாசி ஆத்துப் பக்கம் புகார் விழும். 1990 டிசம்பர் 11 அங்கை 99 வாகனம் ஒண்டோடை ஒண்டு மோதி 12 பேர் செத்தவை. அதுக்குப் பிறகுதான் எச்சரிக்கை விளக்கெல்லாம் போட்டது. விளக்கு மின்னினால் அடுத்த வெளிவழியாலை இறங்கித் தேத்தண்ணி குடியுங்கோ.

நியூ ஜெர்சியிலை மகள் வீடு, ஐ-95ஆலை போறம் எண்டவை: பால்ட்டிமோரிலை ரெண்டு சுரங்கப் பாதையும் இந்த அளவு புரொப்பேன் சிலிண்டரோடை விடாது. முந்தி அதுக்கு மாத்து வழி கீ பாலம். அது 2024 மார்ச்சிலை கப்பல் மோதி விழுந்திட்டுது. இப்ப ஐ-695இன்ரை மேற்குப் பக்கத்தாலை சுத்தவேணும். பழைய வரைபடத்தை நம்பாதேங்கோ.

நவம்பர் 2

கரண்ட். 26 அடியிலை பெரும்பாலும் 30 அம்பியர் இணைப்பு, அதாவது 3,600 வாற்று. சின்ன மின் ஹீற்றர் 1,500, கேத்தில் 1,500, சோத்துச் சட்டி 700. மூண்டையும் ஒரே நேரம் போட்டால் டப். வீட்டிலை மாதிரி நாலு பக்கமும் சமைக்க ஏலாது, வரிசை வேணும். எங்கடை வீட்டிலை அந்த வரிசையைத் தீர்மானிக்கிறது நான் இல்லை.

மீன் பொரியல் வெளியிலை. உள்ளுக்குப் பொரிச்சால் மெத்தையிலை மார்ச்மட்டும் மணக்கும். கறிச்சட்டியைக் கழுவ முதல் பேப்பராலை துடையுங்கோ. எங்கடை எண்ணெய், கழுவின தண்ணி சேருற ராங்க்கிலை போய்ப் படிஞ்சால் அளவுகாட்டி பொய் சொல்லத் தொடங்கும். மல ராங்க் வால்வை எப்பவும் மூடியே வச்சு, நிறையிற நேரம் திறவுங்கோ. திறந்து விட்டால் தண்ணி ஓடிடும், மற்றது தங்கிக் குவிஞ்சிடும். இதை விட விபரம் இரவுச் சாப்பாட்டு நேரத்திலை எழுத மாட்டன்.

நவம்பர் 9

வெளிக்கிட முதல் வீடு. பிரதான வால்வைப் பூட்டி, குழாயெல்லாம் திறந்து பைப்பை வடிய விடுங்கோ. சூட்டை முழுசா நிப்பாட்ட வேண்டாம். வீட்டு இன்சூரன்ஸிலை ஆள் இல்லாத வீட்டை எத்தினை நாளுக்கொருக்கால் வந்து பாக்கவேணும் எண்டு இருக்கும். ஆளை ஒழுங்குபடுத்தி, வந்த திகதியைக் குறிச்சு வைக்கச் சொல்லுங்கோ. மச்சானுக்கு இது நல்ல வேலை.

நாளைக் கலண்டரிலை வட்டம் போட்டு வைக்காதேங்கோ. மூண்டு நாள் காலநிலை பாத்து, ஒகையோமட்டும் றோட்டு காஞ்சிருக்கிற இடைவெளியிலை போங்கோ. எங்களுக்கு ரிட்டயர் ஆனதிலை உள்ள ஒரே நன்மை இதுதானே.

நவம்பர் 21

ஜோர்ஜியாவிலை டிஃப்டனுக்கு வந்திட்டம், இரவிலை 9 பாகை, இப்ப திறக்கலாமோ எண்டு எழுதியிருக்கிறியள். திறவுங்கோ!

நல்ல தண்ணியை விட்டு, பிங்க் நிறம் போகுமட்டும் ஒவ்வொரு குழாயா ஓட விடுங்கோ. வெளிக் குளியல் குழாயை மறக்கிறவை கனபேர். பிறகு வாசனை இல்லாத பிளீச், 15 கலன் ராங்க் கொள்ளளவுக்குக் கால் கோப்பை. நேரே ஊத்தாமல் தண்ணியிலை கரைச்சு விட்டு, ராங்க்கை நிரப்பி, எல்லாக் குழாயிலும் பிளீச் மணம் வருமட்டும் ஓட்டி, இரவு முழுக்க விட்டு, காலமை மணம் போகக் கழுவுங்கோ.

சுடுதண்ணி ராங்க்கின்ரை மின் சுவிச்சைத் தொட முதல், படம் எடுத்து வச்ச அந்த விலத்தி விடுற வால்வைத் திரும்ப மாத்தி ராங்க்கை நிரப்பி, சுடுதண்ணிக் குழாயாலை தண்ணி காத்தில்லாமல் சீரா வருதோ எண்டு பாருங்கோ. வெறும் ராங்க்கிலை சுவிச்சைப் போட்டால் எலெமென்ற் நிமிசத்துக்கை எரிஞ்சிடும்.

நவம்பர் 22

சுடுதண்ணி வருகுது எண்டதைக் கேட்டுச் சந்தோசம். மச்சானுக்கும் படம் அனுப்பினியளோ?

ஒரு திருத்தம் மாதிரி: டிஃப்டனிலை திறந்தால் பிறகு கவலையில்லை எண்ட மாதிரி என்ரை எழுத்து வந்திட்டுது. தை மாதம் வடக்குப் புளோரிடாவிலும் சில இரவு உறையும். அண்டைக்கு வெளி ஹோஸைக் கழட்டி உள்ளுக்கு எடுத்து, ராங்க்கிலை இருக்கிற தண்ணியைப் பாவியுங்கோ.

திரும்பி வரேக்கை இதே வேலை தலைகீழா. மார்ச் முடிவிலை டெனசிக்கு வடக்கே இன்னும் குளிர்காலம்தான். ஜோர்ஜியாவை விட முதல் தண்ணியை வடிச்சுப் பிங்க் ஏத்தவேணும். அதுக்கு மூண்டு கலன் இப்பவே வழியிலை வாங்கிப் போடுங்கோ, தம்பாவிலை மார்ச்சிலை அதைத் தேடினால் கடைக்காரப் பெடியன் உங்களை ஒரு மாதிரிப் பாப்பான்.